ஒரு உண்டியல், மூன்று எல்லை மலைகள்

செப்டம்பர் 24 பாரம்பரிய தினம். தென்னாப்பிரிக்கா முழுக்க பிராய் அடுப்பை, அதாவது இறைச்சி சுடுகிற அடுப்பை, மூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். அன்றைக்குப் பார்த்துப் புரட்டாசியும் வந்துவிடுவதால், கறி தொடாத நாங்கள் முப்பது குடும்பம் மட்டும் சுகர் பீன்ஸ் கறி அடைத்த ரொட்டியைக் கட்டிக்கொண்டு மாரிட்ஸ்பர்க்கிலிருந்து பெர்க்குக்கு, அதாவது டிராக்கன்ஸ்பெர்க் மலைக்கு, கிளம்பிவிடுவோம். இது பல வருடப் பழக்கம். அந்த மாதம் முழுக்க இறைச்சி வாங்காமல் மிச்சமாகிற காசில் ஒரு பங்கு உண்டியலுக்குப் போகும். அந்த உண்டியலில் சேர்ந்ததை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் இப்போது பிரச்சினை.

மலைக்குப் போகிற மாதத்தில் சேர்த்தது மலையைக் காப்பாற்றவே போகட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் (ஒரு அத்தையைத் தவிர: "கோயில் கூரையே ஒழுகுது, நீ மலைக்குக் குடை பிடிக்கப் போறியா?" என்றார், அதுவும் நியாயம்தான், கூரைக்குத் தனி வசூல் நடக்கிறது). அடுத்த மூன்று வருடம் ஒரே இடத்தில் பணத்தையும் சனிக்கிழமைகளையும் போடுவது என்று முடிவு. எந்த இடம் என்பதில்தான் சண்டை. கடைசியில் மூன்று இடங்கள் மிஞ்சின, மூன்றும் இரண்டு நாட்டுக்கு நடுவில் கிடக்கிற மலைகள். ஒப்பிட்டு எழுதிக் கொடு என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

முதலில் எல்லையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நம்ம நாட்டிலேயே ஆயிரம் மலை இருக்க, எதுக்கு பாஸ்போர்ட் கேக்கிற மலை?" என்று ஒரு தம்பி கேட்டான். மலை உச்சியை எல்லையாகப் போட்டது மனிதன் செய்த சௌகரியம், வரைபடத்தில் கோடு கிழிக்கச் சுலபம். ஆனால் தீ அந்தக் கோட்டில் நிற்காது, மாடு நிற்காது, கழுகு நிற்காது. ஒரு பக்கம் மட்டும் காப்பாற்றுவது பாதி வேட்டி கட்டின மாதிரி. நீலகிரியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து 1986இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று ஒன்று வந்ததும் இந்தக் காரணத்தால்தான், அது ஒரே நாட்டுக்குள் என்பதால் பாஸ்போர்ட் பார்க்கிற எல்லைச் சாவடி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் 1990களின் கடைசியில் இந்த எண்ணம் வேகம் பிடித்தது. 1997இல் மண்டேலாவும் தொழிலதிபர் ஆன்டன் ரூபர்ட்டும் நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்டும் சேர்ந்து, எல்லை தாண்டிய பூங்காக்களுக்காகப் பீஸ் பார்க்ஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். 1999இல் போட்ஸ்வானாவோடு கலஹாரிப் பாலைவனத்தில் முதல் ஒப்பந்தம். அதற்கு அப்புறம் வரிசையாக.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

ரிக்டர்ஸ்வெல்ட். நாட்டின் வடமேற்கு மூலை, நமீபியா எல்லை, மலையும் பாலைவனமும் ஒன்றாகக் கிடக்கிற இடம். காகிதத்தை மட்டும் வைத்து மார்க் போட்டால் இதுதான் முதல் ரேங்க். 2003 ஆகஸ்டில் இரண்டு நாட்டு அதிபர்களே, எம்பெக்கியும் நுஜோமாவும், உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட முழு ஒப்பந்தம். நமீபியாவின் ஐ-ஐஸ் பக்கமும் நம் ரிக்டர்ஸ்வெல்ட் பக்கமும் சேர்ந்து ஒரே எல்லை தாண்டிய பூங்கா. நடுவில் ஆரஞ்சு ஆறு, செண்டலிங்ஸ்டிரிஃப்டில் ஒரு மிதவை, காரை அதில் ஏற்றினால் அக்கரையில் நமீபியா.

ஆனால் எனக்கு அதிபர்களின் கையெழுத்தைவிட முக்கியமாகப் பட்டது அதற்கு முந்தைய கதை. 1989இல் பூங்கா என்று அறிவிக்கப் போனபோது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நாமா மக்கள் நீதிமன்றத்துக்குப் போய் நிறுத்தினார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தைப் பூங்கா ஆக்காதே என்றார்கள். அப்புறம் பேச்சுவார்த்தை நடந்து, 1991இல் அவர்களோடு குத்தகை ஒப்பந்தம் போட்டுத்தான் பூங்கா வந்தது. ஆடும் உள்ளேயே மேயலாம், எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு, நிர்வாகக் குழுவில் அவர்கள் ஆட்களும் இருக்கிறார்கள். 2003இல் அரசியல் சாசன நீதிமன்றம் ரிக்டர்ஸ்வெல்ட் மக்களின் நில உரிமையை, மண்ணுக்கு அடியில் உள்ள கனிமத்தோடு சேர்த்து, ஒத்துக்கொண்டது. பூங்காவுக்குத் தெற்கே சமூகமே வைத்து நடத்துகிற நிலம் 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அதாவது ஆடு மேய்ப்பவரை வெளியே தள்ளாமலும் மலையைக் காப்பாற்றலாம் என்று காட்டின இடம்.

இதில் என்ன குறை? ஒப்பந்தத்தில் குறை இல்லை, நம்மிடம்தான் குறை. மாரிட்ஸ்பர்க்கிலிருந்து நாட்டின் அந்தக் கடைசி. போய்வரவே உண்டியல் காலி. அங்கே இப்போது பெரிய தொல்லை சதைப்பற்றுச் செடித் திருட்டு. கட்டைவிரல் அளவு கோனோஃபைட்டம் செடிகளைப் பிடுங்கி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு அனுப்புகிற கும்பல்கள். இரண்டு அதிபர்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் அந்தத் திருடனை நிறுத்தவில்லை, அதைத் துப்பறிகிற போலீஸும் செடியறிந்த ஆட்களும்தான் நிறுத்த வேண்டும். அதில் சனிக்கிழமை பீன்ஸ் ரொட்டிக் கூட்டத்துக்கு என்ன வேலை, சொல்லுங்கள்.

இரண்டாவது, சோங்கிம்வெலோ–மலோலோட்ஜா. நம்ம பார்பர்டன் மலைகளும் எஸ்வாத்தினி (பழைய ஸ்வாசிலாந்து) பக்க மலைகளும். இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் இரண்டே பேர்தான் இதற்குக் கை தூக்கினார்கள், இருவரும் புவியியல் வாத்தியார்கள். பாறைகள் முந்நூறு கோடி வருடத்துக்கும் மேலே பழசு. 2018இல் பார்பர்டன் மக்கொன்ஜ்வா மலைகள் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது, ஆனால் அந்தப் பட்டியலில் தென்னாப்பிரிக்கப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது, பாறையோ எல்லையைத் தாண்டி எஸ்வாத்தினிக்குள் போகிறது. இரண்டு நாட்டு மலை ஒத்துழைப்பு என்று பெயர் இருந்தும் சின்னத்தில் ஒரே நாடு.

இங்கே ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றது. எஸ்வாத்தினியின் புலெம்பு சுரங்கத்திலிருந்து கல்நாரைப் பார்பர்டன் ரயிலடிக்குக் கொண்டுவர, மலை மேலே சுமார் 20 கிலோமீட்டருக்குக் கம்பிவடப் பாதை போட்டிருந்தார்கள், 1930களின் கடைசியில். மலையைச் சேர்ந்து காப்பாற்றலாம் என்று இரண்டு நாடும் உட்கார்ந்து பேசுவதற்கு அறுபது வருடம் முன்பே, மலையிலிருந்து எடுத்ததைச் சேர்ந்து இறக்கத் தெரிந்திருந்தது. எடுக்கிற வேலைக்கு எல்லை என்றைக்கும் தடையாக இருந்ததில்லை போலும். இதை ஏன் சொல்கிறேன் என்று மூன்றாவதில் புரியும்.

மூன்றாவது நம்ம மலை. மலோட்டி-டிராக்கன்ஸ்பெர்க். இந்தப் பக்கம் நம்ம மாகாணம் குவாசூலு-நட்டால், அந்தப் பக்கம் லெசோத்தோ என்ற தனி நாடு, எல்லை மலை விளிம்பின் மேலேயே ஓடுகிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலேயே உயரமான சிகரம் தபானா இன்ட்லென்யானா, 3,482 மீட்டர், லெசோத்தோ பக்கம் இருக்கிறது. நம் பக்கப் பூங்கா 2000இலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது, இயற்கைக்காகவும் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்களுக்காகவும் சேர்த்து. சுமார் 600 குகைகளில் 35,000 உருவங்கள். 2013இல் லெசோத்தோவின் செஹ்லாபதேபே தேசியப் பூங்காவையும் இதோடு சேர்த்து, மலோட்டி-டிராக்கன்ஸ்பெர்க் பூங்கா என்று பெயர் மாற்றினார்கள். மொத்தம் 2,49,313 ஹெக்டேர். அதில் லெசோத்தோ பங்கு சுமார் 6,500 ஹெக்டேர்தான், தலையில் வைத்த பூ மாதிரி.

காகிதத்தில் இது மூன்றில் பலவீனமானது. 2001 ஜூனில் செஹ்லாபதேபேயில் போட்டது புரிந்துணர்வு ஒப்பந்தம், ரிக்டர்ஸ்வெல்ட் மாதிரி அதிபர்கள் போட்ட ஒப்பந்தம் இல்லை. பிறகு உலக வங்கி வழியாகப் பணம் வந்தது, சில வருடம் திட்டம் நடந்தது, வரைபடங்கள் தயாராயின, இரு நாட்டு ஒருங்கிணைப்புக் குழு உட்கார்ந்தது. பணம் முடிந்தால் இப்படிப்பட்ட திட்டங்களின் சத்தம் குறைந்துபோவது புதிதில்லை.

அதே இரண்டு நாடும் அதே மலையில் இன்னொரு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, அதைப் பாருங்கள். 1986 அக்டோபரில் கையெழுத்தான லெசோத்தோ மலைநாட்டு நீர்த் திட்டம். முறையான சர்வதேச ஒப்பந்தம், தனி ஆணையம், 185 மீட்டர் உயர கட்சே அணை, மலைக்குள்ளே சுரங்கக் குழாய், லெசோத்தோவுக்கு ராயல்டி, இப்போது பொலிஹாலி அணையும் எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் வால் ஆற்று வழியாக ஜொகன்னஸ்பர்க்குக்குப் போகிறது. தண்ணீரை எடுப்பதற்கு அசையாத ஒப்பந்தம், தண்ணீரைப் பிடித்து வைக்கிற புல்வெளிக்கும் சதுப்புக்கும் புரிந்துணர்வு. கல்நாருக்குக் கம்பிவடம் போட்ட கதைதான் திரும்பவும்.

இதனால் மலோட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நேர்மாறு. ஆனால் அதற்குள்ளேயே இரண்டு தேர்வு இருக்கிறது, உண்மையான சண்டை அங்கேதான் நடந்தது: பணம் கீழே போகட்டுமா, மேலே போகட்டுமா?

கீழே என்றால் நம் பக்கம். முதல் வேலை வாட்டில் மரம் வெட்டுவது. நீலகிரிக்காரர்கள் சீகை என்பார்களே, அதே ஆஸ்திரேலியக்காரன். தோல் பதனிடும் பட்டைக்காக 19ஆம் நூற்றாண்டில் நட்டாலில் நட்டார்கள். என் தாத்தா வாட்டில் பட்டை லாரியில் சுமை ஏற்றியவர், அதனால் எங்கள் வீட்டில் இந்த மரத்தைத் திட்டுவதற்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால் ஓடைக் கரையெல்லாம் பரவிப் புல்லை மூடி, புல் குடிப்பதைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறது. இதை வெட்டுவதையே வேலைவாய்ப்பாக மாற்றி 1995இல் 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டத்தைத் தொடங்கியவர் அப்போதைய நீர்வள அமைச்சர் காதர் அஸ்மல், நம்ம நட்டாலின் ஸ்டேங்கர் ஊர்ப் பையன். கீழே போட்டால் நன்மைகள் தெளிவு: பாஸ்போர்ட் வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் இன்றைக்கு எவ்வளவு வெட்டினோம் என்று கண்ணுக்குத் தெரியும், படம் எடுத்து வாட்ஸாப்பில் போடலாம். அதோடு மாரிட்ஸ்பர்க், டர்பன் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு மூயி ஆற்றிலிருந்து உம்ங்கேனி ஆற்றுக்குத் திருப்பிவிடுவது, மூயி பெர்க்கில்தான் பிறக்கிறது. நம் காசு, நம் குழாய். இதைவிட நேரான கணக்கு கிடையாது.

நானும் முதலில் இந்தப் பக்கம்தான் இருந்தேன். போன வருடம் இரண்டு நாள் வாட்டில் வெட்டப் போனோம், கையில் கொப்புளம், முகத்தில் பெருமை. எட்டு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனால் முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள், கீரை விதைத்த மாதிரி. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், வெட்டினால் அடிக்கட்டைக்கு மருந்து பூச வேண்டும், திரும்பத் திரும்ப வந்து கன்று பிடுங்க வேண்டும். ஒரு தடவை வெட்டிவிட்டுப் போவது செலவழித்து விதைத்ததற்குச் சமம். எங்களுக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனது எங்கள் அவசரத்தால்தான்.

மேலே என்றால் லெசோத்தோ. சானி கணவாய் ஏறி 2,874 மீட்டரில் எல்லையைத் தாண்டினால் இன்னொரு உலகம், மரமே இல்லை, புல்லும் சதுப்பும் போர்வை போர்த்திய மேய்ப்பர்களும். செம்மறியும் அங்கோரா ஆடும்தான் அங்கே வருமானம். மோஹேர் ரோமத்தில் உலகத்திலேயே தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்து லெசோத்தோ. கோடையில் மந்தையை மேலே ஓட்டிவந்து, கல்லால் கட்டிய மேய்ச்சல் குடிசைகளில் தங்குகிற பையன்களில் பலர் பள்ளிக்கூட வயதில் இருப்பவர்கள். மந்தை அளவுக்கு மீறிப் போனால் புல் தேய்கிறது, சதுப்பு காய்கிறது, மழை பெய்தால் மண் டோங்காவாக, அதாவது ஆழமான அரிப்புப் பள்ளமாக, அறுத்துக்கொண்டு போகிறது. இங்கே ஆட்டைக் குறை என்று சொல்வது, சம்பளத்தைக் குறை என்று சொல்வதற்குச் சமம். போய் நின்று அறிவுரை சொன்னால் போர்வைக்குள் சிரிப்பார்கள்.

ஆனால் அவர்களிடமே பழைய முறை ஒன்று இருக்கிறது, மபோவெல்லா. ஊர்த் தலைவர் ஒரு பகுதியை மூடிவைப்பார், புல் தேறும்வரை யாரும் மந்தையை விடக்கூடாது, விட்டால் அபராதம். இப்போது மேய்ச்சல் சங்கங்கள் அந்த வேலையை எடுத்துச் செய்கின்றன. நம்ம ஊரில் ஏரிக்கு நீர்க்கட்டி இருந்து மடை திறந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், முறை ஊருக்குள்ளேயே இருக்கிறது, அதற்குக் கை கொடுக்கத்தான் ஆள் இல்லை. டோங்காவில் கல் அடுக்கி அடைப்பது, மூடின பகுதிக்குக் காவல் பையனுக்குக் கூலி, இப்படிச் சின்னச் சின்ன செலவு. எங்கள் உண்டியல் அளவுக்குச் சரியாக இருக்கும்.

இதற்கு எதிராக வந்த கேள்வி கூர்மையானது, மூடி மறைக்க மாட்டேன். ஒரு அண்ணன் கேட்டார்: "உச்சிதான் நீர்ப்பிரிவு. மேலே பெய்யறது மேற்கே ஓடிடும், ஒரு சொட்டு நம்ம பக்கம் வராது. அவங்க தண்ணிக்கு நாம ஏன் கொடுக்கணும்?" உண்மை. லெசோத்தோ சதுப்பைக் காப்பாற்றினால் மாரிட்ஸ்பர்க் குழாயில் ஒரு சொட்டு கூடாது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தொடர்ந்தேன். ஒரு பங்கு கட்சே அணைக்குப் போய் சுரங்கம் வழியே வால் ஆறு, அங்கிருந்து ஜொகன்னஸ்பர்க் இருக்கிற கௌட்டெங் மாகாணம். லெனேசியாவில் இருக்கிற என் சித்தி வீட்டுக் குழாய் அது, இங்கே உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அங்கே பெண் கொடுத்தோ எடுத்தோ சொந்தம் இருக்கிறது. மீதி சென்கு ஆறாக இறங்கி, எல்லையைத் தாண்டியதும் ஆரஞ்சு என்று பெயர் மாற்றிக்கொண்டு, நாட்டையே குறுக்கே கடந்து, ரிக்டர்ஸ்வெல்ட் மலையடியில் அந்த மிதவை மிதக்கிற இடத்தைத் தாண்டிக் கடலில் விழுகிறது. ஒன்றாம் தேர்வும் மூன்றாம் தேர்வும் ஒரே ஆற்றின் வாலும் தலையும். லெசோத்தோ, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா நாலும் சேர்ந்து 2000இல் ஒராசெகாம் என்ற ஆற்று ஆணையம் அமைத்ததும் இந்த ஒரே ஆற்றுக்காகத்தான். தலையில் கல் அடுக்கினால் வாலுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும், வாலில் எவ்வளவு செலவழித்தாலும் தலைக்கு எதுவும் ஏறாது.

தாடிக்கழுகையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எலும்பைப் பாறையில் போட்டு உடைத்துத் தின்கிற பறவை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இந்த ஒரு மலைத்தொடரில் மட்டும்தான், கூடு கட்டுகிற ஜோடிகள் நூறு சொச்சம்தான் மிச்சம். இந்தப் பக்கப் பாறையில் கூடு இருந்தாலும் அந்தப் பக்க மந்தையில் செத்த ஆட்டைத் தேடிப் போகும். கீழே எத்தனை வேலி போட்டாலும், மேலே ஒருவர் நாய்க்கோ நரிக்கோ விஷம் வைத்தால் கதை முடிந்தது. மேய்ப்பரோடு பேசாமல் இந்தப் பறவையைக் காப்பாற்ற வழியில்லை.

இன்னொன்று, கீழே ஆள் இருக்கிறது. மாகாண வனவிலங்குத் துறையான எஸெம்வெலோ இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வாட்டில் வெட்ட அரசுத் திட்டம் இருக்கிறது, குறைபாடுகள் எத்தனை இருந்தாலும் திட்டுவதற்காவது ஒரு அலுவலகம் இருக்கிறது. மேலே மேய்ச்சல் சங்கமும் ஊர்த் தலைவரும் போர்வைக்காரப் பையன்களும்தான்.

மேலே போடுவதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. சொந்த அனுபவம்: ஒரு தடவை நாலு வண்டியில் போய் எல்லையில் நிற்கும்போதுதான் ஒருவருடைய பாஸ்போர்ட் போன மாதமே காலாவதி என்று தெரிந்தது (அந்த ஒருவர் நான்தான்). சானியில் ஃபோர் பை ஃபோர் இல்லாமல் ஏற விடமாட்டார்கள். செப்டம்பரில்கூடப் பனி கொட்டும், 2024 செப்டம்பரில் வான் ரீனன்ஸ் கணவாயில் என்-3 நெடுஞ்சாலையே பனியில் மாட்டி வண்டிகள் ராத்திரி முழுக்க நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். எல்லைப் பக்கம் மாட்டுத் திருட்டு உண்டு, கஞ்சா கடத்தல் உண்டு, தெரியாதவரைக் கண்டால் இரண்டு பக்கமும் சந்தேகப்படுவார்கள். பணத்தைக் கையில் கொடுத்தால் கணக்கு வராது, அதனால் சங்கத்தின் கூட்டத்தில், தலைவர் முன்னால், எழுதி வாங்கிக்கொண்டு வருடத்துக்கு இரண்டு தவணையாகத்தான் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். ஒரு சௌகரியம்: நம்ம ராண்டும் லெசோத்தோவின் லோட்டியும் ஒன்றுக்கு ஒன்று, காசு மாற்ற வேண்டியதில்லை.

என் முடிவு இதுதான். மூன்றில் இரண்டு பங்கு மேலே, ஒரு மேய்ச்சல் சங்கத்துக்கு, மூன்று வருடம் அதே சங்கத்துக்கு. எந்த டோங்காவை அடைப்பது, எந்தப் பகுதியை மூடுவது என்று அவர்கள் சொல்லட்டும், நாம் கல் தூக்கலாம். நாமா மக்கள் 1989இல் கேட்டது அதைத்தான். மீதி ஒரு பங்கு கீழே, ஒரே ஒரு ஓடைக்கு. போன வருடம் நாம் வெட்டிவிட்டு வந்த அதே ஓடை, கன்று பிடுங்க. புது இடம் வேண்டாம், விதைத்தவர்கள் நாம்தான். ரிக்டர்ஸ்வெல்டை விரும்புகிறவர்கள் லீவில் போய் அந்த மிதவையில் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும், நுழைவுக் கட்டணமே உதவிதான். புவியியல் வாத்தியார்கள் இருவரும் மன்னிக்கணும்.

ஏப்ரலில், குளிர் இறங்குவதற்குள், முதல் பயணம். ஃபோர் பை ஃபோர் மூன்று கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்று தேவை. கையுறை உங்களுடையதை எடுத்துவாருங்கள், போர்வையை மேலேயே வாங்கிக்கொள்ளலாம், அந்தக் காசும் அங்கேயே நிற்கும். பாஸ்போர்ட் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், என்னுடையதைப் பார்த்துவிட்டேன்.